சிலோன் பரோட்டா உண்டு, அறை மட்டும் இல்லை

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். சேலம்–ஏற்காடு தடத்தில் பஸ் நடத்துநராக வேலை பார்த்து 2018-இல் ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிச் சொல்வேன். உங்களில் சிலர் பள்ளிச் சீருடையில் என் பஸ்ஸில் ஏறியவர்கள். சில்லறை குறைந்தால் "நாளைக்குத் தருகிறேன் அண்ணா" என்பீர்கள். அந்தப் பாக்கியைக் கேட்க இந்த மடலை எழுதவில்லை. கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

கடந்த தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஒரு மாலை நேரத்தில் உங்களில் ஒருவருடைய விடுதிக்கு மூன்று விருந்தினர்களுடன் வந்தேன். எந்த விடுதி என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்றவர்கள் எல்லோரும் "நல்லவேளை, நாம் இல்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். தவிர, அன்று நான் படியேறிய மூன்று விடுதிகளில் இரண்டில் இடம் இருந்தும் கிடைத்தது ஒரே பதில்தான். முதல் விடுதியில் மட்டும் அதை வாயால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் பலகையாகவே மாட்டியிருந்தார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால், சாமி படங்களுக்குக் கீழே: "இலங்கை நாட்டவருக்கு அறை கிடையாது." அதற்கு நேர் எதிரே உணவகத்தின் கரும்பலகை. அன்றைய சிறப்பு என்று சாக்பீஸால் எழுதியிருந்தது, சிலோன் பரோட்டா.

பலகையை நான் முதலில் கவனிக்கவில்லை. மேசையில் இருந்த இளைஞரும் எங்களைச் சந்தேகப்படவில்லை. என் நண்பர் பேசியது நல்ல தேயிலைத் தோட்டத்துத் தமிழ். "குளிருக்குக் கம்பளி கூடுதலா கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார். சாவிகூட வெளியே வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுகளை மேசையில் வைத்ததும் சாவி மறுபடியும் ஆணிக்குப் போனது.

முதலில் சொன்ன காரணம் 'சி' படிவம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் படிவத்தில் விவரம் அனுப்ப வேண்டும், அதெல்லாம் தொல்லை என்றார். தாழ்வாரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே படிவம்தானே என்றேன். உடனே இரண்டாவது காரணம் வந்தது. "நம் மக்களைக் கொன்ற நாடு சார். முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்." மூன்றாவதாக, கொஞ்சம் இரக்கத்தோடு, என் நண்பரைப் பார்த்து அவர் கேட்டதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. "நீங்கள் தமிழரா, சிங்களவரா? தமிழர் என்றால் முதலாளிக்கு போன் போட்டுக் கேட்டுப் பார்க்கிறேன்."

பாஸ்போர்ட்டில் இனம் என்று ஒரு கட்டம் கிடையாது. என் நண்பர் தமிழர் என்று சொல்லியிருந்தால் அவருடைய தமிழை வைத்து யாரும் மறுத்திருக்க முடியாது. அவர் சொல்லவில்லை. "சிங்களவன்தான் தம்பி" என்றார். கூட வந்த மகள் செல்பேசியைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

1983 ஜூலையில் கொழும்பின் தெருக்களில் கும்பல்கள் வாகனங்களை மறித்தபோது, உள்ளே இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். 'பால்திய' என்பது அந்தச் சொல். சிங்களத்தில் வாளி என்று அர்த்தம். தமிழ் நாக்கு அதைக் கொஞ்சம் வேறு மாதிரி உச்சரிக்கும். அந்த உச்சரிப்புக்குப் பின்னால் பெட்ரோல் காத்திருந்தது. உங்கள் மேசையில் பெட்ரோல் இல்லை, கொலை இல்லை, வெறும் அறை மறுப்புதான். நான் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனை நிறுத்தி, "நீ எந்த ஆள்?" என்று கேட்டு, பதிலைப் பொறுத்து உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்வதை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். நான் அந்த நாட்டில் பிறந்தவன்.

ஆம், நானும் சிலோன்காரன்தான். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற ஒரு கங்காணியோடு கடல் தாண்டிப் போனவர் என் பாட்டனாரின் தகப்பனார். சேலம் ஜில்லாவிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். நான் பிறந்தது 1960-இல், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒரே ஒரு காம்பிராவில், அதாவது அறையில். நான் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1948-இல், சுதந்திரம் வாங்கிய கையோடு இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அரிசி மூட்டை பிரிக்கிற கணக்கு. எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. நானும் அப்பாவும் அம்மாவும் 5,25,000-இல் விழுந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, 3,00,000-இல் விழுந்தார்.

எங்கள் பக்கம் ரயிலைக் கோச்சி என்போம். எங்களைப் போன்றவர்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். 1974-இல் அதில் நான் வந்தேன். பதினான்கு வயது. பிளாட்பாரத்தில் நின்ற அத்தை ஒரு பன் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டியது நினைவிருக்கிறது. ஹட்டனில் பேக்கரி வைத்திருந்த ஒரு சிங்களவர் கொடுத்தனுப்பிய பன். அப்பாவுக்கும் அவருக்கும் கடன் கணக்குப் பழக்கம். கடைசிப் பாக்கியை வாங்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

1977 ஆகஸ்ட்டில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் தோட்டப்பகுதிக்கும் வந்தது. அத்தையையும் அவருடைய மூன்று பிள்ளைகளையும் அந்த பேக்கரிக்காரர் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று இரவுகள் வைத்திருந்தார். வாசலில் வந்து கேட்டவர்களிடம் அடுப்பு எரிகிறது, உள்ளே வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய ஏழு வயது மகனுக்கு ஒரே ஒரு கட்டளை. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. அவன் திறக்கவில்லை. அந்தப் பையன்தான் கடந்த தை மாதம் உங்கள் மேசைக்கு முன்னால் நின்றவர்.

நான் அவரை 'மல்லி' என்பேன், சிங்களத்தில் தம்பி. அவர் என்னை 'ஐயா' என்பார். அந்த ஐயாவைக் கேட்டு உங்கள் ஊழியர் என்னை ஏதோ பெரிய மனிதர் என்று நினைத்திருக்கலாம். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன், அவ்வளவுதான்.

இவ்வளவையும் அன்று மேசையில் நின்று சொல்ல முடியுமா? சொல்லியிருந்தால், "இவர் நல்லவர், சரி, இவருக்கு மட்டும் தருகிறோம்" என்று சொல்லியிருப்பீர்கள். அதுவும் எனக்கு வேண்டாம். அறை வாங்குவதற்கு ஒருவருடைய அப்பா நான்கு உயிர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? வெறும் மனிதராக, வாடகை கொடுக்கிறவராக, கம்பளி கேட்கிறவராக வந்தால் போதாதா?

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அது வெறும் நியாயமற்ற பேச்சு என்று நான் நினைக்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நினைத்து நானும் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அந்த அரசின் மீது எனக்கு இருக்கும் கோபம் உங்களுடையதைவிடப் பழையது. அது என் பிறப்புச் சான்றிதழோடு வந்தது. 'அரசு வேறு, மக்கள் வேறு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகவும் நான் வரவில்லை. அந்த வரி எனக்கே முழுக்க ஒட்டவில்லை. 2019 அதிபர் தேர்தலில், போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்சவுக்கு 69 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். போர் எப்படி முடிந்தது என்று தெரிந்துதான் வாக்களித்தார்கள். அந்த அரசு வானத்திலிருந்து விழவில்லை.

அன்றிரவு மலையிலிருந்து இறங்கும்போது மல்லியே இதை எடுத்தார். பனி இறங்கி, ஓட்டுநர் மெதுவாக வளைவுகளை வெட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, அந்தத் தம்பி சொன்னது எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன்" என்றார். "2009 மே மாதம் எங்கள் தெருவில் கிரிபத் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்." கிரிபத் என்றால் பாற்சோறு, அவர்களுடைய மங்கலச் சோறு. "போர் முடிந்துவிட்டது, இனிமேல் பஸ்ஸில் குண்டு வெடிக்காது என்ற சந்தோஷம் அது. அந்தப் பக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்று அன்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை."

நான் அடுத்த நான்கைந்து வளைவுகளுக்கு ஒன்றும் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. மன்னிக்க நான் யார்? பிள்ளையைப் பறிகொடுத்தவள் வவுனியாவிலோ மண்டபம் அகதி முகாமிலோ இருக்கிறாள். எனக்கு வந்தது ஆத்திரம். எங்களைக் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளை அந்தச் சோற்றைச் சாப்பிட்டானே என்ற ஆத்திரம். இன்றும் அது முழுக்கத் தீரவில்லை.

அடிவாரம் தாண்டி, கோரிமேடு வந்து, அஸ்தம்பட்டிச் சிறைச்சாலைப் பக்கம் கார் போனது. அங்கேதான் என் வாய் அடைத்துப்போனது.

1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் நம் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்றார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். ஊர் மக்களைக் கூட்டமாக அள்ளிவந்து அடைத்தது இந்தச் சேலம் சிறையில். 2011-இல்தான் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டிருந்த 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

அது எந்த அரசு? நாம் வரிசையில் நின்று வாக்களித்த அரசு. 1992-இல் அந்தச் சிறைப்பக்கம் நாளுக்குப் பல நடை பஸ்ஸில் போய்வந்தவன் நான். விசிலை ஊதிக்கொண்டு, "அஸ்தம்பட்டி இறங்கு" என்று கத்திக்கொண்டு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. மல்லி பாற்சோறு பற்றிச் சொன்ன அதே வாக்கியம். 1950 பிப்ரவரி 11 அன்று இதே சிறைக்குள் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றதும் ஒரு அரசுதான். குடியரசாகி மூன்று வாரம்கூட ஆகாத நம் அரசு. சேலத்துக்காரன் ஒருவன் கேரளாவுக்குப் போய் அறை கேட்கும்போது, "இருபத்திரண்டு பேரைக் கொன்ற ஊர்க்காரனா நீ?" என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்றைய கேரளாவின் மலபார்க்காரர்கள்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டார்கள். நம் வரிப்பணத்தில் வாங்கிய தோட்டாக்கள். எனக்குத் தெரிந்த சேலத்துத் துணி வியாபாரி ஒருவர் அண்மையில் யாழ்ப்பாணம் போய்வந்தார். தங்கிய வீட்டுக்காரர் தீபாவளிக் கதையைச் சொன்னாராம். சொல்லிவிட்டு, இரவுக்கு இடியப்பமா புட்டா என்று கேட்டாராம். அந்தக் கதையைக் கேட்டபோது தலை குனிந்தது, சாப்பாடு இறங்கவில்லை என்றார் வியாபாரி. வாசலிலேயே துரத்தியிருந்தால் அவர் அந்தக் கதையைக் கேட்டே இருக்க மாட்டார். கோபத்தோடு திரும்பிவந்து, "யாழ்ப்பாணத்துக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள்" என்று செவ்வாய்ப்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

பொறுப்பே இல்லை என்று நான் யாரையும் விடுவிக்கவில்லை. மல்லியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்கு இருந்தன. கேட்டேன். அவரும் சொன்னார். ஆனால் கேள்வி கேட்பதற்கு மனிதர் எதிரே உட்கார வேண்டும் அல்லவா? உங்கள் பலகை கேள்வி எதையும் கேட்பதில்லை. 69 லட்சத்தில் ஒருவரா, எதிர்த்து வாக்களித்தவரா, அன்று பாலகனாக இருந்தவரா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. கொழும்பில் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பலகையால் ஒரு கொசுக்கடியும் இல்லை. அவர்கள் ஏற்காட்டில் உங்கள் 'டீலக்ஸ் டபுள்' அறை கேட்டு வரப்போவதும் இல்லை.

சிங்களவர்கள் என்ற ஒற்றை மொத்தத்துக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 1971-லும் 1980-களின் கடைசியிலும் அதே அரசு ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களைக் கொன்று ஆற்றில் எறிந்தது. போரைக் கேள்வி கேட்டு எழுதிய பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். ஒரு வருடம் கழித்து, 2010 ஜனவரியில், கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னலிகொட காணாமல் போனார். கணவருக்காக நீதிமன்றப் படியேறிக்கொண்டே இருக்கும் சந்தியா எக்னலிகொட நாளைக்கு ஏற்காட்டுக்கு வந்தால் அவரும் உங்களுக்கு இலங்கை நாட்டவர்தான். முள்ளிவாய்க்காலில் குடும்பத்தை இழந்த தமிழச்சி வந்தாலும் இலங்கை நாட்டவர்தான். பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்?

இது உங்கள் கண்டுபிடிப்பு என்றும் நான் சொல்லவில்லை. 2012 செப்டம்பரில் சென்னைக்குக் கால்பந்து ஆட வந்த இலங்கைப் பள்ளி மாணவர்களைத் திருப்பி அனுப்பினோம். ஆட அனுமதித்த விளையாட்டரங்க அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே மாதம் பூண்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் மாதாவைக் கும்பிட வந்த இலங்கை யாத்திரிகர்களின் பஸ்கள் மீது கல் விழுந்தது. ஓடுகிற பஸ்ஸின் கண்ணாடி உடைந்து மடியில் கொட்டும்போது உள்ளே இருக்கிற குழந்தை எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். என் வேலைக்காலத்தில் எத்தனையோ பந்த், எத்தனையோ மறியல். 2013-இல் இலங்கை ஆட்டக்காரர்கள் ஐ.பி.எல். போட்டிக்குச் சென்னைக்கு வரக்கூடாது என்றோம். அந்தத் தடையில் அகப்பட்டவர்களில் ஒருவர் முத்தையா முரளிதரன். கண்டித் தமிழர். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். (அவருடைய அரசியல் பேச்சு எனக்குப் பிடிக்காது. அது வேறு வழக்கு.) என் பாட்டனாரின் தகப்பனாரைப் போலவே கடல் தாண்டிய ஒருவரின் பேரனை, தமிழர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஆடவிடாமல் செய்தோம்.

மீனவர் பிரச்சினையையும் அந்த இளைஞர் சொன்னார். கைதும் படகுப் பறிமுதலும் உண்மை. நம் இழுவைமடியால் வலை அறுந்து நிற்பவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழர்கள் என்பதும் உண்மை. அதைத் தீர்க்க ராமேஸ்வரம் போக வேண்டும். ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் தீர்க்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பலகையை நான் மறுபக்கத்திலிருந்தும் படித்திருக்கிறேன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அப்போது கோரிமேட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு இந்தியக் குடியுரிமை, அரசுப் போக்குவரத்தில் வேலை, கைக்குழந்தை. யாழ்ப்பாணத்தை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஒரு வாரத்துக்குள் வீட்டுக்காரர் வந்து, "தப்பாக நினைக்காதீர்கள், ஊரில் ஒரு மாதிரி பேசுகிறார்கள்" என்றார். காவலர்கள் வந்து வீட்டில் இருப்போரின் பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள். பணிமனையில் என்னைச் 'சிலோன்' என்று கூப்பிட்டவர்கள் அதுவரை சிரித்துக்கொண்டே கூப்பிட்டவர்கள்தான். அந்த வாரம் சிரிக்கவில்லை. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை அம்மா தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார். யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே புலி என்றார்கள். இரண்டு இடத்திலும் நாங்கள் செய்த குற்றம் என்னவென்று அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

அந்த மே மாதத்தில் எங்களுக்கு வேறு வீடு கொடுத்தவர் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர். கேள்வியே கேட்கவில்லை. முன்பணம் மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கதையையும் கேளுங்கள். மல்லி குடும்பம் என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது. காலையில் அவர்களை ஆத்தூர்ப் பக்கம் தியாகனூருக்கு அழைத்துப்போனேன். அங்கே தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலைகள் இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புத்தகயா வரை போய்வந்தவர்களுக்கு எங்கள் மாவட்டத்திலும் புத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிடப்பட்டுவந்த சிலை புத்தர்தான் என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்ன கதையையும் சொன்னேன். மல்லியின் மனைவி சிரித்துவிட்டு, முனியப்பனுக்கும் சேர்த்து ஒரு ஊதுபத்தி ஏற்ற வேண்டும் என்றார். தியாகனூரில் ஒரு மூதாட்டி எந்த ஊர் என்று விசாரித்தார். இலங்கை என்றதும், "அங்கே இப்போ சாப்பாட்டுக்குக் கஷ்டம் தீர்ந்துச்சா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த 2022-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. தமிழர்களுக்கு என்றுதான் பேச்சு தொடங்கியது. பிரித்துக் கொடுக்காதீர்கள், எல்லோருக்கும் கொடுங்கள் என்று அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள். இழந்தவர்கள் அவர்கள். அவர்களே அப்படிக் கேட்டார்கள். முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது மே 18 அன்று.

அதே மே 18-ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில், கோட்டாபய வீட்டுக்குப் போகட்டும் என்று கூடாரம் அடித்திருந்த கூட்டம் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றியது. உப்பும் அரிசியும் மட்டும் போட்டுக் காய்ச்சிய முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பகிர்ந்துகொண்டது. உங்கள் மேசை முன்னால் செல்பேசிக்குள் தலையைக் குனிந்துகொண்டாளே, மல்லியின் மகள், அவள் அன்று அந்த வரிசையில் நின்றவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. தியாகனூரிலிருந்து திரும்பும் வழியில் சொன்னாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் இதைச் சொன்னபோது இரண்டு நாள் பேச்சு இல்லையாம். மூன்றாவது நாள் அவர் கேட்டாராம், "கஞ்சியில் பால் சேர்ப்பார்களா?" இல்லை என்றாளாம். அவ்வளவுதான் பேச்சு.

உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காபிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்த காக்பர்ன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்த நாட்டின் பழமையை உலகுக்குச் சொன்ன ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறை உங்கள் ஏற்காட்டுத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. வெள்ளைக்கார அரசு செய்ததை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஃபூட்டின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறீர்கள், அறையும் கொடுக்கிறீர்கள்.

கடைசியாக, வேலை விஷயம். மல்லியின் அம்மா, அந்த பேக்கரிக்காரரின் மனைவி, 78 வயது, இன்னும் திடமாக இருக்கிறார். இந்த முறை அவர் வரவில்லை. மகள் எடுத்துக்கொண்டுபோன ஏற்காட்டுப் பனிப் படங்களைப் பார்த்துவிட்டு, ஹட்டன் மாதிரியே இருக்கிறதே, என்னையும் கூட்டிப்போ என்று பிடிவாதம் பிடிக்கிறாராம். மே மாதம் கோடை விழாவுக்கு வருகிறார்கள். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி நேராகச் சேலம். நான்கு பேரும் நானும், இரண்டு அறை, இரண்டு இரவு. ஒரு அறை தரைத்தளத்தில் வேண்டும், பாட்டிக்கு முழங்கால் வலி. 'சி' படிவத்துக்கான பாஸ்போர்ட், விசா விவரங்களை முத்து முத்தான எழுத்தில் நானே எழுதித் தருகிறேன். நாற்பது வருடம் டிக்கெட் கணக்கு எழுதிய கை. கூடுதல் கம்பளி ஒன்று வேண்டும். பாட்டிக்கு உங்கள் சிலோன் பரோட்டாவையும் கொடுத்துப் பார்க்கலாம், அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

மே முதல் வாரம் நேரில் வந்து முன்பணம் கட்டுகிறேன். அதே விடுதிக்குத்தான் முதலில் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
சேலம்–ஏற்காடு தடம்